வடிகாலா, விளைநிலமா? விளையாட்டில் ஆக்ரோஷம் குறித்த ஒரு நீண்ட வழக்கு

வகுப்பில் அடங்காத பையனைக் கபடி அணியில் சேர்த்துவிடச் சொல்லும் உடற்கல்வி ஆசிரியர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். உள்ளே இருக்கும் முறுக்கெல்லாம் களத்திலேயே இறங்கிவிடும், பிறகு வெளியே வம்புக்குப் போகமாட்டான் என்பது அவர் கணக்கு. அதே பையனின் வீட்டில் வேறு கணக்கு ஓடும்: அந்தச் சேர்க்கைக்குப் பிறகுதான் இவனுக்குக் கைநீட்டும் பழக்கம் வந்தது. இருவரும் தம்மை அறியாமல் உளவியலின் பழைய வழக்கு ஒன்றில் எதிரெதிராக நின்று வாதாடுகிறார்கள். மனிதனின் தாக்கும் வேகத்துக்கு விளையாட்டு வடிகாலா, அல்லது அதை விதைத்து வளர்க்கும் நிலமா?

கடந்த நூறாண்டில் இதற்குச் சொல்லப்பட்ட பதில்கள் ஒவ்வொன்றும் தன்னோடு ஒரு சிகிச்சையையும் கொண்டுவந்தது. வடிகால் என்று நம்பியவர்கள் இன்னும் ஆடவிடச் சொன்னார்கள். இலக்கு தடைபடுவதே காரணம் என்றவர்கள் அந்தத் தடையை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஆட்டக்காரருக்குக் கற்பிக்க முயன்றார்கள். பார்த்துப் பழகியது என்றவர்களின் விரல் பயிற்சியாளரையும் தந்தையையும் நோக்கி நீண்டது. எந்தப் பதில் சரி என்பதைப் பொறுத்தே யாரைத் திருத்துவது என்பதும் முடிவாகிறது.

ஒரு சொல்லுக்குள் பல சங்கதிகள்

தொடக்கத்திலேயே ஒரு முட்டுக்கட்டை. கிரிக்கெட் வர்ணனையில் ‘ஆக்ரோஷம்’ ஒரு பாராட்டுச் சொல். 2002 ஜூலையில் லார்ட்ஸ் மாடத்தில் சட்டையைக் கழற்றிச் சுழற்றிய சவுரவ் கங்குலி, விக்கெட் விழும்போதெல்லாம் முழங்கிய விராட் கோலி என்று அதற்கு உதாரண புருஷர்களும் உண்டு. உளவியலாளர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ராபர்ட் பேரனும் டெபோரா ரிச்சர்ட்சனும் தந்த, அதிகம் எடுத்தாளப்படும் வரையறையின்படி, தீங்கைத் தவிர்க்க விரும்பும் இன்னொரு உயிருக்குத் தீங்கு செய்யும் நோக்கத்தோடு செய்யப்படுவதே ஆக்ரோஷச் செயல். டென்னிஸ் மட்டையைத் தரையில் அடித்து உடைப்பது இதில் வராது. விதிக்குள் நின்று முழு பலத்தோடு பந்துக்காக மோதுவதும் வராது. பின்னதைத் துணிந்த ஆட்டம் என்று தனியே பிரித்துவைக்க வேண்டும் என 1980-களில் ஹஸ்மனும் சில்வாவும் வலியுறுத்தினார்கள்.

மூன்று நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வரையறையின் பலமும் பலவீனமும் தெரியும். 2020 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் போட்டியில், தன் சர்வீஸை இழந்த எரிச்சலில் நோவக் ஜோகோவிச் பின்பக்கமாகத் தட்டிய பந்து கோட்டு நடுவரின் தொண்டையில் பட்டது. ஜோகோவிச் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். கோபம் இருந்தது, காயம் இருந்தது, தீங்கு செய்யும் நோக்கம் இல்லை. 2006 ஜூலை 9 அன்று பெர்லினில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் 110-ஆவது நிமிடத்தில் ஜினெடின் ஜிடான், மார்க்கோ மாட்டராஸியின் நெஞ்சில் தலையால் முட்டியபோது கோபமும் நோக்கமும் சேர்ந்தே இருந்தன. 1932–33 ஆஸ்திரேலியத் தொடரில் இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டினிடம் கோபத்தின் சுவடே இல்லை. டொனால்ட் பிராட்மேனை அடக்க, ஹெரால்ட் லார்வுட் உடம்பைக் குறிவைத்து வீசவும், லெக் பக்கத்தில் ஆட்களை நெருக்கி நிறுத்தவும் அவர் திட்டம் போட்டார். அது நிதானமாகப் போட்ட கணக்கு.

ஜிடான் செய்தது வன்மத் தாக்குதல்: எதிராளிக்கு வலிப்பதே அதன் குறி. ஜார்டின் செய்தது காரியத் தாக்குதல்: வலி வெறும் கருவி, குறி வெற்றி. விளையாட்டு உளவியல் பாடநூல்கள் இந்தப் பிரிவினையின் மேல்தான் எழுப்பப்பட்டிருக்கின்றன. 2001-இல் பிராட் புஷ்மனும் கிரெய்க் ஆண்டர்சனும் இதைக் கைவிடும் காலம் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஒரே செயலில் இரண்டு நோக்கமும் கலந்திருக்கலாம், கோபம்கூடக் கணக்குப் போடும் என்பது அவர்கள் வாதம். நமக்குத் தெரிந்த உதாரணம் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான 1976 கிங்ஸ்டன் டெஸ்ட். முந்தைய டெஸ்டில் இந்தியா 403 ரன்களைத் துரத்தி வென்றிருந்தது. அடுத்து சபைனா பார்க்கில் எகிறிய பந்துகளில் அன்ஷுமன் கெய்க்வாட்டின் காதில் அடி, விஸ்வநாத்தின் விரலில் முறிவு. இந்திய அணித்தலைவர் பிஷன் பேடி முதல் இன்னிங்ஸை 6 விக்கெட்டுக்கு 306 ரன்னிலேயே முடித்துக்கொண்டார். இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து பேர் காயத்தால் ஆடவே வரவில்லை. அந்தப் பந்துவீச்சில் காரியம் எவ்வளவு, வன்மம் எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது?

இன்னும் அடிப்படையான சங்கடம் ஒன்று உண்டு. குத்துச்சண்டை வீரர் அடி வாங்க விரும்புவதில்லைதான். ஆனால் அடி விழும் என்று தெரிந்தே கயிற்றைத் தாண்டி உள்ளே வருகிறார். 1997-இல் சர்வதேச விளையாட்டு உளவியல் சங்கம், களத்தில் ஆக்ரோஷத்தைக் குறைக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. உடல்மோதல் விளையாட்டுகளில் விதி அனுமதிக்கும் தாக்குதல் ஆட்டத்தின் உயிர் என்றும், ஆடுபவர்கள் அதை விரும்பியே அனுபவிக்கிறார்கள் என்றும் ஜான் கெர் மறுப்பு எழுதினார். கண்டிக்க வேண்டியது அனுமதிக்கு வெளியே நடப்பதை மட்டுமே என்பது அவர் கட்சி. ஆனால் அனுமதியின் எல்லை எங்கே? கனடாவின் மைக்கேல் ஸ்மித் 1983-இலேயே ஒரு படிக்கட்டு வரைந்து காட்டியிருந்தார்: விதி அனுமதிக்கும் மோதல், விதியை மீறினாலும் வழக்கம் அனுமதிக்கும் மோதல், வழக்கமும் ஏற்காதது, சட்டமே குற்றம் என்று சொல்வது. சர்ச்சைகளில் பெரும்பகுதி இரண்டாவது படியில்தான் நடக்கிறது.

உள்ளே கொதிக்கும் உலை

வடிகால் வாதத்துக்கு அரிஸ்டாட்டிலைச் சாட்சிக்கு இழுப்பது வழக்கம். அவர் பேசியது துன்பியல் நாடகம் பார்ப்பவரின் இரக்கத்தையும் அச்சத்தையும் பற்றி. கோபத்தைப் பற்றியோ மல்யுத்தத்தைப் பற்றியோ அல்ல. வாதத்தின் நிஜமான மூதாதையர்கள் இருபதாம் நூற்றாண்டுக்காரர்கள். 1920-இல் சிக்மண்ட் பிராய்ட் மரண உந்துதலை முன்வைத்தார். 1963-இல் விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரன்ஸ், தாக்கும் வேகம் ஓர் இயல்பூக்கம், அது நீர்த்தேக்கத்தில் ஏறும் தண்ணீர்போல உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், மதகைத் திறக்காவிட்டால் கரையை உடைக்கும் என்றார். விளையாட்டு அந்த மதகு. நாடுகள் போர்க்களத்துக்குப் பதில் ஆட்டக்களத்தில் மோதிக்கொள்ளலாம்.

அழகான படிமம். சோதித்தபோது அது தாக்குப்பிடிக்கவில்லை. மானிடவியலாளர் ரிச்சர்ட் சைப்ஸ் 1973-இல் போர்க்குணம் மிகுந்த பத்துச் சமூகங்களையும் அமைதியான பத்துச் சமூகங்களையும் ஒப்பிட்டார். வடிகால் உண்மையானால், போர் செய்யாத சமூகங்களில்தான் முரட்டு விளையாட்டுகள் மிகுந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: போர்ச் சமூகங்களில் ஒன்பதில் சண்டை விளையாட்டு இருந்தது, அமைதிச் சமூகங்களில் இரண்டில் மட்டுமே. சமூகங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் எண்ணிக்கையின் சிறுமையையும் குறை சொல்ல இடமுண்டு. என்றாலும் மதகுக் கோட்பாட்டுக்கு ஆதரவாக ஏதும் தேறவில்லை.

பார்வையாளர் பக்கமும் இதே கதைதான். 1969-இல் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு வந்தவர்களை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் விசாரித்த கோல்ட்ஸ்டைனும் ஆர்ம்ஸும், ஆட்டம் முடிந்தபின் பகைமை உணர்வு கூடியிருந்ததைக் கண்டார்கள். தம் அணி வென்றவர்களிடமும் அது கூடியிருந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்க வந்தவர்களிடம் அப்படி ஏற்றம் இல்லை. முரட்டு ஆட்டத்தைப் பார்ப்பதால் கோபம் வடிகிறதா என்பதில் தமக்கே ஐயம் வந்துவிட்டதாக லோரன்ஸ் பின்னாளில் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். அவர் படிமத்தைக் கடன் வாங்கியவர்கள் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வடிகால் வாதத்தை நேரடியாகச் சோதித்தது 2002-இல் புஷ்மன் வெளியிட்ட ஆய்வு. மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்து முதலில் அவர்களைக் கோபப்படுத்தினார். ஒரு பிரிவினர் விமர்சித்தவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோபத்துக்குரியவரை நினைத்துக் குத்தியவர்களே கடைசியில் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். வாய்ப்புக் கிடைத்தபோது குறைவாகத் தாக்கியவர்கள் சும்மா இருந்தவர்கள். பையைக் குத்தியதில் சிலருக்கு மனம் லேசானது உண்மை. ஆனால் மனம் லேசாவதும் கை அடங்குவதும் வேறு வேறு. வடிகால் நம்பிக்கை இத்தனை காலம் நீடிப்பதற்கு இந்தக் குழப்பமே முதல் காரணம் என்று தோன்றுகிறது. ஆடிக் களைத்த பையன் அன்று மாலை சண்டைக்குப் போகாதது அலுப்பாலாக இருக்கலாம்.

நார்பர்ட் எலியாஸும் எரிக் டன்னிங்கும் இதே திசையில் சற்று நுட்பமாக நடந்தவர்கள். சமூகம் நாகரிகப்படும்போது அன்றாட வாழ்வில் கிளர்ச்சிக்கு இடம் சுருங்குகிறது; விளையாட்டு, ஆபத்தில்லாத கட்டுக்குள் அந்தக் கிளர்ச்சியைத் தருகிறது என்றார்கள். அவர்களுடையது வரலாற்று விளக்கம். தனி ஒருவரின் கோபம் குறையும் என்று அவர்கள் உத்தரவாதம் தரவில்லை.

தடைபட்ட இலக்கும் வெயிலும்

1939-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டொலார்டும் சகாக்களும் இயல்பூக்கத்தை விட்டுவிட்டுச் சூழலுக்கு வந்தார்கள். இலக்கு தடைபட்டால் எரிச்சல், எரிச்சலின் முடிவு தாக்குதல். ஆனால் கேட்ச் விட்டவர்கள் எல்லாரும் அடிக்கப் போவதில்லை. பலர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். லெனார்ட் பெர்கோவிட்ஸ் கோட்பாட்டைத் தளர்த்தினார்: தடை மட்டுமல்ல, வலி, வெப்பம், அவமானம் என எந்தக் கசப்பும் கோபத்துக்கான சாய்வை உண்டாக்கும். அது தாக்குதலாக மாறுவது சூழலில் உள்ள குறிகளையும் ஒருவர் அதை எப்படிப் பொருள்கொள்கிறார் என்பதையும் பொறுத்தது.

இதற்கு நல்ல சான்று பேஸ்பால் தந்தது. வெயில் ஏற ஏறப் பந்து வீச்சாளர்கள் எதிரணி மட்டையாளர் மீது பந்தைப் படவைப்பது கூடுகிறது என்று 1991-இல் ரைஃப்மன், லாரிக், ஃபைன் மூவரும் காட்டினார்கள். வியர்வையில் பந்து வழுக்கியிருக்கலாமே என்ற எதிர்க்கேள்வி எழுந்தது. லாரிக் குழு 2011-இல் 1952 முதல் 2009 வரையிலான ஆட்டங்களை அலசியபோது விஷயம் கூர்மையானது. தன் அணி ஆள் ஒருவர் மீது முன்பே பந்து பட்டிருந்த ஆட்டங்களில்தான் வெயிலின் விளைவு தெளிவாகத் தெரிந்தது. எதிராளி செய்ததை வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்ளவும் பழிவாங்கவும் வெயில் தூண்டுகிறது போலும். மே மாதப் பிற்பகலில் போட்டி வைக்கும் நம் ஊர் அமைப்பாளர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளலாம்.

பார்த்துப் பழகியது

1961-இல் ஆல்பர்ட் பண்டூரா, பெரியவர் ஒருவர் ஊதிய பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே சொற்களோடு திருப்பிச் செய்வதைக் காட்டினார். அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததில் என்ன வியப்பு என்ற குறை அன்றே எழுந்தது. ஆனால் அவர் விட்டுச்சென்ற கேள்வி விளையாட்டுக்கு மிகப் பொருந்தியது: எது அடியாகக் கணக்கில் வருகிறது, எது பாராட்டுப் பெறுகிறது என்பதை ஆட்டக்காரர் யாரிடம் கற்கிறார்?

பிரெண்டா பிரெடமையரும் டேவிட் ஷீல்ட்ஸும் 1980-களில் ஆட்டக்காரர்களிடம் அறச் சிக்கல்களைக் கொடுத்துப் பேசவைத்தபோது ஒன்றைக் கண்டார்கள். அன்றாட வாழ்வைப் பற்றி முதிர்ச்சியாகப் பேசியவர்களே ஆட்டம் என்று வந்ததும் தன்னலத்துக்கு இறங்கினார்கள். களத்தின் கோடுகளே அடைப்புக்குறிகள். அவற்றுக்குள் வேறு நியாயம். பின்னர் இளம் கால்பந்து வீராங்கனைகளிடம் செய்த ஆய்வில், எதிராளியைத் தாக்கத் துணிவாரா என்பதை அணியின் சூழல் நன்றாகவே முன்னறிவித்தது: இந்தச் சூழ்நிலையில் என் தோழிகள் என்ன செய்வார்கள்?

பண்டூரா பிற்காலத்தில் இதற்கு ஓர் உள்விளக்கமும் தந்தார். கொடுமை செய்பவர் மனசாட்சியை இழந்துவிடுவதில்லை, அந்த நேரத்துக்குக் கழற்றி வைக்கிறார். கழற்றுவதற்குச் சொற்கள் உதவுகின்றன. நம் ஊர்க் களங்களில் “அவனைக் கொஞ்சம் கவனிச்சுக்கோ” என்றால் யாரும் அக்கறை என்று பொருள்கொள்வதில்லை. பொறுப்பை மேலே தள்ளுவது இன்னொரு வழி. அமெரிக்கக் கால்பந்தில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் 2009 முதல் 2011 வரை எதிராளியைக் காயப்படுத்தி வெளியேற்றினால் பணம் தரும் ஏற்பாடு இருந்ததாக லீக் விசாரணை கண்டது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டன் 2012 பருவம் முழுக்க இடைநீக்கம் செய்யப்பட்டார். அங்கே கோபத்துக்கு வேலையே இல்லை. சம்பளப் பட்டியல் போதுமானதாக இருந்தது.

சமூகவழிக் கற்றலின் பலவீனம், ஒரே அணியில் ஒரே பயிற்சியாளரிடம் வளர்ந்த பதினோரு பேரில் ஒருவர் மட்டும் ஏன் சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்பதற்கு அது தடுமாறுவது. ஜிடான் 1998 உலகக் கோப்பையிலும் சவூதி வீரரை மிதித்ததற்காக வெளியேற்றப்பட்டவர்.

உடல் சொல்லும் சாட்சி

டெஸ்டோஸ்டிரோன்தான் குற்றவாளி என்ற பேச்சுக்கு ஆதாரம் அவ்வளவு இல்லை. போட்டிக்கு முன் அது ஏறுவதும், வென்றவரிடம் தங்குவதும் டென்னிஸ் வீரர்களிடம் பதிவாகியிருக்கிறது. ஆனால் போட்டி மனநிலை அதை ஏற்றுகிறதா, அது போட்டி மனநிலையை ஏற்றுகிறதா என்பது சிக்கலாகவே நிற்கிறது. சூரிச்சில் ஐசனெகர் குழு 2010-இல் வெளியிட்ட பேர விளையாட்டு ஆய்வில், அந்த ஹார்மோனை உட்கொண்ட பெண்கள் நியாயமாகப் பங்கு கொடுத்தார்கள். உட்கொண்டதாக வெறுமனே நம்பியவர்கள்தான் கறாராக நடந்தார்கள். ஹார்மோனைவிட அதைப் பற்றிய கதைக்கு வலு அதிகம் என்று இதைப் படிக்கலாம், ஒரே ஆய்வு என்ற எச்சரிக்கையோடு.

களத்தை விட்டு வெளியே

உடற்கல்வி ஆசிரியரின் கணக்கு உண்மையில் இங்கேதான் தேர்வுக்கு வருகிறது. நார்வேயில் எண்ட்ரெசெனும் ஓல்வியூஸும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், கிழக்கத்திய தற்காப்புக் கலை ஆகியவற்றில் சேர்ந்த 11 முதல் 13 வயதுச் சிறுவர்களைத் தொடர்ந்து கவனித்தது. களத்துக்கு வெளியேயும் அவர்களிடம் அடிதடி நடத்தை கூடியதாகவே தெரிந்தது. இதற்கு நேர் எதிரே நிற்பது 1986-இல் ட்ரல்சன் செய்த சிறு பரிசோதனை. குற்ற நாட்டம் கொண்ட 34 இளைஞர்களில் மரபான டேக்வாண்டோவைத் தியானத்தோடும் அறப் பாடத்தோடும் கற்றவர்களின் ஆக்ரோஷம் குறைந்தது. அடி உதையை மட்டும் கற்ற பிரிவில் அது ஏறியது. ஒரே உதை, இரு வேறு விளைவு. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் இதன் மேல் மாளிகை கட்ட முடியாது. ஆனால் எந்த விளையாட்டு என்பதைவிட யார், எப்படிக் கற்பிக்கிறார் என்பதே முக்கியமாக இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பிவிட்டது.

பார்ப்பவர் வீட்டுக்குப் போனபின் நடப்பது இன்னும் கசப்பானது. வெல்லும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்ற நாட்களில் ஆண்கள் மனைவியரையும் துணைவியரையும் அடித்த சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடியதாக அமெரிக்கக் கால்பந்துத் தரவுகளை வைத்து கார்டும் டாலும் 2011-இல் கணக்கிட்டார்கள். எதிர்பார்த்த தோல்வியில் அந்த ஏற்றம் இல்லை. எதிர்பார்ப்பு உடைவதே தீயை மூட்டுகிறது என்றால் டொலார்ட் கோஷ்டிக்கு ஒரு புள்ளி. ஆனால் இங்கிலாந்தின் லங்காஷயரில் உலகக் கோப்பை நாட்களை ஆராய்ந்தபோது, இங்கிலாந்து தோற்ற நாட்களில் 38 சதவீதம், வென்ற அல்லது சமன் செய்த நாட்களிலும் 26 சதவீதம் குடும்ப வன்முறைப் புகார்கள் ஏறியிருந்தன. வெற்றி நாளில் என்ன தடைபட்டது?

கடிவாளம் யார் கையில்

கட்டுப்பாடு என்றவுடன் மூச்சுப் பயிற்சி, மனக்காட்சி, தன்னோடு தானே பேசும் உத்தி என்று ஆட்டக்காரரின் தலைக்குள்ளேயே தேடுவது வழக்கம். இவற்றின் வேர் 1975-இல் ரேமண்ட் நோவாகோ வகுத்த கோபக் கட்டுப்பாட்டு முறை: கோபத்தின் முன்னறிகுறிகளை உடலில் அடையாளம் காண்பது, சம்பவத்தை வேறு விதமாகப் பொருள்கொள்ளப் பழகுவது, பிறகு சின்னச் சின்னத் தூண்டல்களில் ஒத்திகை பார்ப்பது. 1999-இல் புரூனெல், ஜானெல், டெனன்ட் மூவரும் கால்பந்து வீரர்களிடம் இரண்டு வழிகளை ஒப்பிட்டபோது, கோபத்தைப் பற்றி எடுத்துச் சொன்னதைவிட, கோபமூட்டும் காட்சிகளை நடித்துப் பார்க்கவைத்தது கூடுதல் பலன் தந்தது. உபதேசம் தோற்று ஒத்திகை வென்றதில் பயிற்சி அறிந்தவர்களுக்கு வியப்பிருக்காது. பருவம் முடிந்தபின்னும் அந்தப் பலன் தங்குகிறதா என்பது வேறு கேள்வி.

கடிவாளத்தின் இன்னொரு நுனி விதியில் இருக்கிறது. 1962 உலகக் கோப்பையில் சிலியும் இத்தாலியும் சாண்டியாகோவில் அடித்துக்கொண்ட ஆட்டத்தை நடத்திய ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன், 1966-இல் இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்தின் குழப்பத்தையும் பார்த்தபின் மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 உலகக் கோப்பையில் அவை வந்தன. தண்டனை புதிதில்லை, மொழி தெரியாதவருக்கும் அது ஐயமின்றிப் புரிந்தது என்பதே புதுமை. தெளிவின்மை எவ்வளவு எரிச்சலைக் கிளப்பும் என்பதற்கு 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆடவர் கபடி இறுதியாட்டம் அருகிலுள்ள சான்று. பவன் செஹ்ராவத்தின் ஒரு ரெய்டுக்குப் பழைய விதியா, புதிய விதியா என்ற சர்ச்சையில் இந்தியா–ஈரான் ஆட்டம் ஒரு மணி நேரம்போல நின்றது. வீரர்கள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுவர்களைக் கூட்டினால் தவறுகள் குறையுமா? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் ஒன்றில் இரண்டு நடுவருக்குப் பதில் மூவர் வந்தபோது ஃபவுல்கள் 34 சதவீதம் குறைந்தன என்று மெக்கார்மிக்கும் டாலிசனும் 1984-இல் எழுதினார்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக் இரண்டாவது நடுவரைச் சேர்த்துப் பார்த்ததை ஸ்டீவன் லெவிட் 2002-இல் ஆராய்ந்தபோது அப்படி மாற்றம் ஏதும் தெளிவாகத் தெரியவில்லை. கூடுதல் நடுவர் கூடுதலாகப் பெரிதாக எதையும் பிடிக்கவில்லை. தலைகளின் எண்ணிக்கையைவிடப் பிடிபடும் என்ற நம்பிக்கைதான் கையைத் தடுக்கிறது போலும்.

ஐஸ் ஹாக்கி தனியாகக் கவனிக்கத் தக்கது. அங்கே கையுறையை உதறிவிட்டுச் சண்டை போட்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்காரவேண்டும், அவ்வளவுதான். இந்தச் சண்டைகள் வடிகால், இல்லாவிட்டால் ஆபத்தான அடிகள் கூடும் என்பது லீக்கின் பழைய நியாயம். லோரன்ஸ் அங்கே நிர்வாகியின் கோட்டு அணிந்து உலவுகிறார். 2013-இல் கோல்ட்ஷ்மீடும் எஸ்பின்டோலாவும் சண்டைகள் எப்போது நடக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். பெரிதாக எதுவும் பணயத்தில் இல்லாத பருவ முன்னோட்டங்களில் அவை மலிந்திருந்தன, பட்டத்துக்கான ஆட்டங்களில் குறைந்திருந்தன. அடக்கமுடியாத கோபம் என்று சொல்லப்படுவது விலை ஏறும்போது அடங்குகிறது. ஆனால் இந்தக் கணக்கு ஜிடானிடம் பலிக்கவில்லை. உலகக் கோப்பையைவிட அதிக விலை எதுவுமில்லை, அது அவருடைய கடைசி ஆட்டமும்கூட. காரியத் தாக்குதலுக்கு விதி மருந்தாகலாம், வன்மத் தாக்குதலுக்கு ஒத்திகை தேவைப்படலாம் என்ற பழைய பிரிவினை, புஷ்மனும் ஆண்டர்சனும் எத்தனை குறை கண்டாலும், இந்த இடத்தில் பயன்படவே செய்கிறது.

விதி எதிர்பாராத பக்கத்திலும் கடிக்கும். ஸ்பெயின் கால்பந்து லீக்கில் வெற்றிக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்றானபோது, தாக்கி ஆடுவதோடு எதிராளியின் ஆட்டத்தைக் கெடுக்கும் முரட்டுத்தனமும் கூடியதாக கரிகானோவும் பலாசியோஸ்-ஹுவெர்டாவும் காட்டினார்கள். மாறாக, ஜார்டினின் அந்தப் ‘பாடிலைன்’ உத்தி மீண்டும் தலைதூக்காமல் போனதற்கு லெக் பக்கத்தில் பின்புறம் இருவருக்கு மேல் நிற்கக்கூடாது என்று பின்னாளில் வந்த எளிய விதிக்கும் பங்குண்டு. அது யாரையும் தண்டிக்கவில்லை. செய்வதில் லாபமில்லாமல் ஆக்கியது. கிரிக்கெட் தண்டனைப் பக்கம் தாமதமாகவே வந்தது: மோசமாக நடந்துகொள்பவரை மீதி ஆட்டம் முழுக்க வெளியேற்ற நடுவருக்கு 2017-இல்தான் அதிகாரம் கிடைத்தது. இங்கிலாந்தின் அடிமட்டக் கால்பந்தில் நடுவரோடு வாக்குவாதம் செய்பவரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைத்துப் பார்த்தபோது வாக்குவாதம் 38 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள கால்பந்துச் சங்கம் அறிவித்தது. கபடியின் மஞ்சள் அட்டைக்கும் இரண்டு நிமிட வெளியேற்றம் உண்டு. அணியே ஆள் குறைந்து ஆடவேண்டியிருப்பதால் கோபக்காரரைச் சக வீரர்களே அடக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இவற்றில் அதிக நம்பிக்கை தருவது இந்த வகைதான்: கடிவாளத்தைத் தோழர்கள் கையில் கொடுப்பது.

இன்னும் தீராதவை

மேலே வந்த சான்றுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைத்தவை. ஆண்களிடம் எடுத்தவையே அதிகம். பிடித்து மடக்குவதே ஆட்டமாக இருக்கும் கபடிக்கு ஐஸ் ஹாக்கியின் முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

அளவுகோலும் சந்தேகத்துக்குரியது. நோக்கத்தை நேரில் அளக்க முடியாததால் ஆய்வாளர்கள் ஃபவுல்களை எண்ணுகிறார்கள். ஆனால் ஃபவுல் என்பது நடுவரின் கண்ணில் பட்டது மட்டுமே. கறுப்புச் சீருடை அணியும் அமெரிக்க அணிகள் அதிகத் தண்டனை பெறுவதாக 1988-இல் ஃபிராங்கும் கிலோவிச்சும் கண்டபோது, அதே ஆட்டத்தைக் கறுப்புச் சட்டையிலும் வெள்ளைச் சட்டையிலும் படமெடுத்துக் காட்டினார்கள். கறுப்பில் அது கூடுதல் முரடாகத் தெரிந்தது. ஆடியவர் மாறினாரா, பார்த்தவர் மாறினாரா? 2011-இல் கால்ட்வெல்லும் பர்கரும் ஐஸ் ஹாக்கியில் சட்டை மாற்றங்களை ஆராய்ந்தபோது நிறத்தின் விளைவே காணாமல் போயிருந்தது.

காயத்தை எண்ணுவதும் முழுத் தீர்வல்ல. 2014 நவம்பரில் சிட்னியில் எகிறிய பந்து கழுத்தில் பட்டு ஃபில் ஹியூஸ் இறந்தார். வீசியவர் மீது எவரும் வன்மம் சுமத்தவில்லை. ஆட்டத்தில் மிகப் பெரிய தீங்கு மிகச் சாதாரணமான, அனுமதிக்கப்பட்ட செயலிலிருந்தும் வரலாம்.

உடற்கல்வி ஆசிரியரின் கணக்கு மட்டும் இத்தனைக்கும் நடுவில் முழுதாகச் சோதிக்கப்படாமல் நிற்கிறது. முரட்டுப் பிள்ளைகளே முரட்டு விளையாட்டைத் தேடிப் போகிறார்களா, விளையாட்டு அவர்களை முரடாக்குகிறதா என்று பிரிக்க வேண்டுமானால், பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு விளையாட்டுகளிலும் வெவ்வேறு விதமான பயிற்சியாளர்களிடமும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். ட்ரல்சன் 34 பேரோடு சில மாதங்கள் செய்ததை ஆயிரக்கணக்கானோரோடு செய்யும் வேலை அது. பெற்றோர் சம்மதிப்பார்களா என்பது ஒரு பக்கம். எந்தப் பயிற்சியாளர் தன்னை மோசமான பயிற்சியாளர் பட்டியலில் போட ஒப்புக்கொள்வார் என்பது இன்னொரு பக்கம்.